மலை ஊர்களுக்குத் தோட்டத் தொண்டர்களைப் பயிற்றுவிப்பது எப்படி: நீலகிரிக்கான முழுமையான வழிகாட்டி

வீட்டுத் தோட்டம் போடுவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. தோட்டம் போடும் அண்டை வீட்டாருக்குத் துணை நிற்கும் ஆட்களைத் தயார் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீலகிரியில் ஊர்கள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கின்றன. தேயிலைக்கு நடுவில் படுகர் வாழும் ஒரு ஹட்டி, பள்ளம் தாண்டித் தேயிலைத் தொழிலாளர்களின் ஒரு லைன் குடியிருப்பு, காட்டோரம் ஒரு பழங்குடி ஊர். ஒரு செடி வாடினால் வந்து பார்க்க அதிகாரி கிடைப்பதற்குள் பாத்தியே போய்விடும். அதனால் ஒவ்வோர் ஊரிலும் பார்க்கத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.

பயிற்சியில் நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவை வரிசைப் பிழைகள். சொல்லித் தந்தது சரியாகவே இருந்தது, சொன்ன நேரம்தான் தவறியது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற நினைத்தால், அந்தந்தப் பகுதியில் தந்திருக்கும் காரணத்தை முதலில் படித்துவிடுங்கள்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதல் தேவை ஒரு துண்டு நிலம். அரை சென்ட் போதும், ஆனால் சரிவாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட மைதானம் போன்ற சமதளத்தில் பழகியவர்கள் தங்கள் வீட்டுச் சரிவில் போய்த் திணறுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

பிறகு மண்வெட்டி, களைக்கொத்து, இரண்டு வாளி, நார்க்கயிறு, ஆள் உயரத்தைவிடச் சற்று நீளமான கம்புகள், ஒரு முரட்டுத் தூரிகை. தூரிகை எதற்கு என்பது ஐந்தாம் பகுதியில் வருகிறது. பட்டியலில் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்ட நோட்டுப்புத்தகம் கொடுங்கள். எழுதப் பழக்கமில்லாதவர்களுக்குக் கோடில்லாத நோட்டு கொடுத்துப் படம் வரையச் சொல்லுங்கள். நான் பார்த்த மிகத் தெளிவான தோட்டக் குறிப்புகளில் சில, ஓர் எழுத்துகூட இல்லாதவை.

செடிப் பெயர்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். சமவெளியில் சௌசௌ என்பது இங்கே மேரக்காய். ஒரே வகுப்பில் தமிழும் படுகர் மொழியும் இருக்கும், கூடலூர் பக்கம் மலையாளமும் கன்னடமும் சேரும். முதல் நாளே எல்லாப் பெயர்களையும் கேட்டுச் சுவரில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. ஆளைத் தேர்ந்தெடுத்தல்

ஊரில் யார் நன்றாக விவசாயம் செய்கிறார் என்று கேட்டு அவரை அழைத்து வருவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கேரட்டில் கைதேர்ந்தவர் கேரட் போடச் சொல்வார். எதிரே இருக்கும் வீட்டுக்காரிக்கு இருப்பது வாசலில் நான்கு முழ இடமும் மாலையில் ஒரு மணி நேரமும்தான் என்பது அவர் கண்ணில் படாது.

நான் கேட்பது வேறு கேள்வி: “உங்கள் ஊரில் யார் வீட்டுக்கு எல்லோரும் போவார்கள்?” அந்த வீட்டில் இருப்பவரே சரியான ஆள். தோட்டம் தெரியாவிட்டால் பாதகமில்லை, ஒரு பருவத்தில் கற்றுக்கொள்ளலாம். ஊரார் மனம்விட்டுப் பேசும் இடமாக இருப்பதை எந்தப் பயிற்சியாலும் கொடுக்க முடியாது.

ஓர் ஊருக்கு இருவராக எடுங்கள். ஒருவர் மட்டும் என்றால், அவருக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் எல்லாம் நின்றுவிடும். இருவரும் ஒரே குடும்பமாகவோ ஒரே தெருவாகவோ இருக்கக் கூடாது. எந்த வீட்டுக்குள் யாரால் போக முடியும் என்பது ஊருக்கு ஊர் மாறும், அதை நாம் மறைத்துப் பேசி ஆவதொன்றுமில்லை.

தொண்டர் கூலியாள் அல்லர் என்பதை ஊர்க்கூட்டத்தில் அவரை அறிமுகப்படுத்தும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், “அக்கா, அப்படியே களையும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்” என்பது இரண்டாம் மாதத்தில் தொடங்கும். நல்ல மனம் உள்ளவர்கள் மறுக்கமாட்டார்கள், அப்படித்தான் சோர்ந்து விலகிப்போவார்கள்.

3. எந்த மாதம் தொடங்குவது

தை பிறந்ததும் தொடங்குங்கள். உறைபனிக் காலத்தில் உயரமான ஊர்களில் தோட்ட வேலை குறைவு. சித்திரை மழைக்கு விதை போட வேண்டுமென்றால், அதற்குள் மண்ணும் பாத்தியும் தயாராகியிருக்க வேண்டும். மே மாதத்தில் தொடங்கிய பயிற்சி ஒன்றில் நாங்கள் பாத்தி போடக் கற்றுக்கொண்டிருந்தபோதே மழை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது.

நீலகிரி முழுவதற்கும் ஒரே நாட்காட்டி கொடுக்காதீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,850, கூடலூரோ ஆயிரம் மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குளிர்ச்சி கூடும். மழையும் அப்படியே. கூடலூரும் குந்தாவும் தென்மேற்குப் பருவமழையில் நனைகின்றன, கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரியது. ஆகவே ஒவ்வொரு தொண்டரும் தன் ஊருக்கான நாட்காட்டியைத் தானே எழுத வேண்டும். ஊரில் மூத்தவர் இருவரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர் தோட்டத் தொண்டராக ஊருக்குள் எடுத்துவைக்கும் முதல் அடியும் அதுவாகவே அமைந்துவிடும்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும். வாரம் முழுவதும் கொழுந்து எடுத்தவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் துவைக்கவும் சந்தைக்குப் போகவும் கிடைக்கிறது. விடியும் முன்னும் இருட்டிய பின்னும் யாரையும் வரச் சொல்லாதீர்கள். கரடியும் காட்டெருமையும் நடமாடும் பாதையில்தான் நம் ஆட்களும் நடந்து வருகிறார்கள்.

4. முதல் நாள்: விதை கொடுக்காதீர்கள், நடக்க வையுங்கள்

முதல் நாளே விதைப் பொட்டலம் கொடுத்தால் எல்லோரும் மகிழ்வார்கள். அன்று மாலையே போய் எங்காவது தூவியும் விடுவார்கள். மாசி வெயிலில் காய்ந்த மண்ணில் கேரட் விதை முளைக்காது. “மேடம் கொடுத்த விதை சொத்தை” என்று ஊர் பேசும், அந்தப் பேச்சை மாற்ற ஒரு வருடம் ஆகும். எனக்கு நேர்ந்தது இது.

முதல் நாள் வேலை நடப்பது மட்டும். ஓர் ஊரைச் சுற்றி நடந்து நான்கைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: வெயில் எங்கே எத்தனை மணிக்கு விழுகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, விலங்கு எந்த வழியாக வருகிறது, பனி எங்கே தங்குகிறது.

பனியைப் பற்றி மட்டும் சற்று விளக்க வேண்டியிருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டு வீட்டு அவரை தப்பித்து, நூறு அடி கீழே உள்ள வீட்டு அவரை கருகிப்போவது இதனால்தான். காற்றில்லாத, மேகமில்லாத இரவுகளில் விடியும் முன் போய்ப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும் என்பார்கள். போக வேண்டாம். காலை ஏழு மணிக்குப் புல் நுனி எங்கே கருகியிருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

5. மண்

நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்பு மண். கார அமில நிலை 5.5க்குக் கீழே இருப்பது இங்கே சாதாரணம். தேயிலைக்கு அது பிடிக்கும், முட்டைக்கோஸுக்கும் பீட்ரூட்டுக்கும் பட்டாணிக்கும் பிடிக்காது, அவை ஆறுக்கு மேல் கேட்கும். கன மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போவதே காரணம். சாலையோர ஹைட்ரேஞ்சியா ஏன் இத்தனை நீலமாகப் பூக்கிறது என்று கேட்டு வகுப்பைத் தொடங்குவேன். புளிப்பு மண்ணில் அது நீலம், சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இளஞ்சிவப்பு. பூவைப் பார்த்து மண்ணைப் படிக்க முடியும் என்று தெரிந்த கணத்தில் ஒவ்வொரு முகமும் மாறுவதை இன்றுவரை ஆசையோடு பார்க்கிறேன்.

பூவை வைத்து அளவு சொல்ல முடியாது. அதற்கு மண் பரிசோதனைதான். மாதிரி எடுப்பதைத் தொண்டர்கள் கையாலேயே செய்ய வேண்டும். ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரே சீராகச் சீவி எடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறைத்து, நிழலில் உலர்த்துங்கள். எருக்குழி ஓரம், மரத்தடி, அண்மையில் உரம் போட்ட இடம் மூன்றும் ஆகாது. புதியவர்கள் எடுக்கும் மாதிரி எப்போதும் வாசலுக்கு அருகிலேயே இருக்கும். அங்கே அடுப்புச் சாம்பல் கொட்டியிருப்பார்கள், சாம்பல் புளிப்பைக் குறைத்துக் காட்டும், முடிவு பொய்யாகிவிடும்.

சுண்ணாம்போ டோலமைட்டோ (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) போடுவதென்றால் விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போட்டு மண்ணில் கலந்துவிட வேண்டும். அதே நாளில் தொழு உரத்தையும் சேர்த்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். உருளைக்கிழங்குப் பாத்திக்குச் சுண்ணாம்பு வேண்டாம், கிழங்கின் தோலில் சொறி விழும்.

இப்போது தூரிகைக்கு வருகிறேன். கோஸ் குடும்பத்தைத் தாக்கும் வேர் வீக்க நோய் இந்த மலையில் இருக்கிறது. நண்பகலில் செடி வாடும், மாலையில் நிமிரும், பிடுங்கினால் வேர் விரல் விரலாக வீங்கியிருக்கும். அதன் வித்துகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது, அதுவும் மண்ணில் நீண்ட காலம் காத்திருக்கும். இரண்டுமே செருப்பிலும் மண்வெட்டியிலும் நாற்றின் வேரிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போய் உதவுவதுதான் நம் தொண்டரின் வேலை என்பதை நினைத்துப் பாருங்கள். கழுவாமல் நடந்தால் ஊர் முழுவதற்கும் நோயைக் கொண்டு சேர்க்கிறவர் அவராகவே இருப்பார்.

ஆகவே, தோட்டத்தைவிட்டு வெளியேறும் முன் செருப்பையும் கருவியையும் தேய்த்துக் கழுவாதவர் அடுத்த தோட்டத்துக்குள் நுழையக் கூடாது. பயிற்சி நிலத்திலேயே இதை ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் செய்யவையுங்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

6. சரிவுக்குக் குறுக்கே பாத்தி

பாத்தியை மேலிருந்து கீழாக, சரிவோடு இழுத்தால் வேலை எளிது, தண்ணீரும் தேங்காது. அதனால்தான் பலரும் அப்படிப் போடுகிறார்கள். ஒரு நல்ல மழையில் மேல்மண் பள்ளத்துக்குப் போய்விடும். பாத்தி சரிவுக்குக் குறுக்கே, சம மட்டத்தில் இருக்க வேண்டும். கண்ணால் மட்டம் பார்க்காதீர்கள், சரிவில் கண் ஏமாற்றும்.

மூன்று கம்புகள் போதும். இரண்டு மீட்டர்க் கம்புகள் இரண்டை உச்சியில் கட்டிக் கால்களை விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை நிறுத்திக் கால் பதிந்த இரண்டு இடத்திலும் முளை அடித்து, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். இனி கால்களை இடம் மாற்றி அதே முளைகளில் நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவே கயிறு நின்றால் மட்டம்.

அந்த நடுக்கோட்டைக் குறிக்காமல் வேலையைத் தொடங்குவதுதான் புதியவர்களின் தவறு. கம்புகள் ஒரே நீளம் என்று நம்பிவிடுகிறார்கள். விரலளவு வித்தியாசம் இருந்தாலே பத்தடி தாண்டும்போது பாத்தி சாய்ந்துவிடும்.

பாத்தியின் அகலம் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். மிதித்த மண்ணில் கேரட் இறங்காது. கீழ்ப்பக்க விளிம்பில் கல் அடுக்குங்கள்.

7. முதல் பயிர்

நான்கு பயிர் மட்டும்: முள்ளங்கி, பட்டாணி, ஏதாவது ஒரு கீரை, உருளைக்கிழங்கு. முள்ளங்கி சீக்கிரம் வரும், நம்பிக்கை தரும். பட்டாணி கொடியேற்றக் கற்றுத்தரும். உருளை மண் அணைக்கக் கற்றுத்தரும், வெயில் பட்டுப் பச்சையான கிழங்கு நஞ்சு என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். விதைக்கிழங்கை எங்கிருந்து எடுப்பது என்பதைத் தோட்டக்கலைத் துறையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், சந்தைக் கிழங்கை வெட்டிப் புதைக்காதீர்கள்.

கேரட்டை இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முளைக்கவே இரண்டு வாரம் ஆகலாம், அதுவரை மேல்மண் காயக் கூடாது. புதிய சாணம் போட்ட மண்ணில் வேர் கிளைத்துவிடும். பிடுங்கி நட்டாலும் அப்படித்தான். முதல் பயிரே தோற்றால் பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

எல்லாப் பாத்தியையும் முதலில் தங்கள் வீட்டில்தான் போட வேண்டும். ஒரு பருவம் தன் வீட்டு வாசலில் விளைவித்துக் காட்டாதவர் அடுத்தவருக்கு யோசனை சொல்லப் போகக் கூடாது. ஊர் முதலில் அவர் வாசலைத்தான் பார்க்கும்.

8. பெயர் சொல்லாமல் பார்க்கும் பழக்கம்

பயிற்சியின் உயிர் இதில்தான் இருக்கிறது. என் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

வகுப்புக்கு ஒரு வாடிய செடியை வேரோடும் மண்ணோடும் கொண்டு வருவேன். பத்து நிமிடம் யாரும் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது, மருந்தின் பெயரையும் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம், நான் அந்த வீட்டுக்காரராக இருந்து பதில் சொல்வேன்.

எப்போது தொடங்கியது? எல்லாச் செடிக்குமா, ஒரு மூலையிலா? பழைய இலையிலா, புதிய இலையிலா? போன வாரம் என்ன செய்தீர்கள்? வேரைப் பார்த்தீர்களா?

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. பழைய இலை மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. புதிய இலை நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை, சுண்ணாம்பு அதிகமாகியிருக்கலாம். ஒரே இரவில் தண்டு தரையோடு அறுந்து விழுந்தால் வெட்டுப்புழு. செடியைச் சுற்றி இரண்டு விரல்கடை தோண்டினால் சுருண்டு கிடக்கும். பளபளக்கும் தடம் இருந்தால் நத்தை. மூடுபனி நாட்களில் உருளை இலையில் தண்ணீர் கோத்தாற்போலக் கறுத்த திட்டும், காலையில் இலையடியில் வெள்ளைப் பூசணமும் தெரிந்தால் பின்கருகல் நோய். அதற்கு மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது, சில நாட்களில் பாத்தி முழுவதும் போய்விடும்.

எல்லோரும் தவறும் கேள்வி நான்காவது. “போன வாரம் ஒன்றும் செய்யவில்லை” என்பார் வீட்டுக்காரர். இன்னும் இரண்டு முறை மெல்லக் கேட்டால், கடையில் சொன்ன மருந்தை இரட்டை அளவில் தெளித்ததோ, தேயிலைக்கு வாங்கி மிஞ்சிய யூரியாவைக் கைப்பிடியாகப் போட்டதோ வெளியே வரும். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் வராது. “ஏன் போட்டீர்கள்?” என்பதற்கும் “என்ன போட்டுப் பார்த்தீர்கள்?” என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொண்டர்கள் வாயாலேயே பலமுறை சொல்லிப் பழக வேண்டும்.

“தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்” என்ற வாக்கியத்தையும் சத்தமாகச் சொல்லிப் பழக்குங்கள். சிலருக்கு இதுதான் மிகக் கடினம். கேட்பதற்கு 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணையும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தின் எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதவையுங்கள்.

9. தொண்டர் செய்யக் கூடாதவை

பூச்சிமருந்தின் பெயரையும் அளவையும் சொல்லக் கூடாது. தவறினால் பாதிக்கப்படுவது குழந்தைகள் விளையாடும் வாசல். மின்வேலி போட யோசனை சொல்லக் கூடாது, அதில் மனிதரும் சாகிறார்கள், யானையும் சாகிறது.

சோற்று மிச்சமும் பழத்தோலும் திறந்த எருக்குழியில் கொட்டச் சொல்லக் கூடாது. அது கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் அழைப்பு. குழிக்கு மூடி வேண்டும், சமைத்த உணவு வேண்டாம். கூடலூர்ப் பக்கத்து யானை வழிகளில் வீட்டை ஒட்டி வாழையும் பலாவும் நடச் சொல்லாதீர்கள்.

கண்ட செடியை எல்லாம் பதியன் போட்டுப் பகிரக் கூடாது. வெளியிலிருந்து வந்த உண்ணிச்செடியும் சீகை (வாட்டில்) மரமும் இந்த மலையில் பரவி இடத்தைப் பிடித்துக்கொண்டது நமக்குத் தெரியும். வாழைப்பழ வடிவில் காய்க்கும் பேஷன் பழக் கொடி அழகாகப் பூக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சோலைக்காட்டின் ஓரங்களில் அது மரங்களைப் போர்த்தி மூடுவதைக் காட்டிவிட்டு வாருங்கள், பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

10. ஊருக்குள் அனுப்புதல்

முதல் மூன்று வீடுகளுக்கு இருவராகப் போகட்டும். ஒருவர் பேச, மற்றவர் எழுதட்டும். நீங்கள் உடன் போகாதீர்கள். போனால் வீட்டுக்காரர் உங்களிடம்தான் பேசுவார், தொண்டர் பின்னால் நிற்பார், அந்த இடம் அவருக்குப் பிறகு கிடைக்கவே கிடைக்காது.

ஒரு வருகையில் ஒரு மாற்றம் மட்டும் சொல்ல வேண்டும். ஐந்து சொன்னால் ஒன்றும் நடக்காது, நடந்தாலும் எது பலித்தது என்று தெரியாது. பத்து நாள் கழித்துத் திரும்பப் போய்ப் பார்ப்பது அவசியம். திரும்பப் போகாத வீட்டில் நம் சொல்லுக்கு மதிப்பில்லை.

மாதம் ஒரு முறை எல்லோரும் கூடி, பலிக்காத யோசனைகளை மட்டும் பேசுங்கள். வென்றவற்றைப் பேசத் தொடங்கினால் நேரம் அதற்கே போய்விடும், தோற்றவர் வாய் திறக்கமாட்டார்.

11. ஐப்பசியிலிருந்து தை வரை

பட்டாணியிலும் அவரையிலும் நல்ல கொடிகளைத் துணி கட்டி அடையாளம் வைத்து, காய் கொடியிலேயே காயவிட்டு விதை எடுங்கள். மழை ஓயாத ஊரில் கொடியோடு பிடுங்கி அடுப்படியின் மேல் தொங்கவிடலாம், புகையும் வெப்பமும் பூஞ்சணத்தைத் தள்ளிவைக்கும்.

கார்த்திகையிலிருந்து பனிக்கு மூட வேண்டும். உறைபனி நாட்களில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகள் மேல் மிலார் என்ற செடியின் கிளைகளைப் போட்டு மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே வாசலில் செய்யலாம், காய்ந்த பெரணியும் புல்லும் ஆகும். மாலையில் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பகலிலும் மூடியே வைத்தால் செடி வெளுத்து நீளும்.

அடுத்த தைக்கான ஆட்களை இந்த மாதங்களிலேயே தொண்டர்கள் தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் நோட்டைப் புரட்டி, எந்த வீட்டுக்காரர் தாமாகவே இரண்டாம் முறை கூப்பிட்டார் என்று பாருங்கள். அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.